துணைக்கு வந்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்



விடியற்காலையில் வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கி நேரே புற்றுநோய் வைத்தியசாலையின் புறநோயாளிக் கூடத்துக்கு வந்து, வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு, ஒரு கையில் நோயாளியின் பைலையும் மறு கையில் வெந்நீர்ப் பிளாஸ்க்கையும் பிடித்தபடி, பெயர் கூப்பிடும் நேரத்துக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே, கணவன்மார்களே, மனைவியரே, பிள்ளைகளே, உடன்பிறந்தோரே, உறவு ஏதும் இல்லாமல் அண்டை வீட்டார் என்ற ஒரே உரிமையால் கூட வந்திருக்கும் நல்லோரே, இம்மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது. நோயாளிகளுக்கு ஆறுதல் எழுதுவோர் பலர் உண்டு. வைத்தியர்களுக்கும் அரசாங்கத்துக்கும் விண்ணப்பம் எழுதுவோரும் உண்டு. உங்களை நோக்கிப் பேசுவார் அருமை என்பதை, இத்தகைய கூடங்களில் தன்னார்வத் தொண்டனாகப் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பதிவேட்டில் நீங்கள் அட்டெண்டர் என்ற ஒரு சொல்லாகவும் ஒரு கைப்பேசி எண்ணாகவும் இருக்கிறீர்கள். ஆனால் இன்றைய புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏறக்குறையப் பாதி, வைத்தியரும் செவிலியரும் இல்லாத இடத்தில், உங்கள் கையால் நடைபெறுகிறது. ஆதலால் அதைப் பற்றிக் கேட்கவும் கற்கவும் உங்களுக்குப் பூரண உரிமை உண்டு என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

முற்காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் விடாமுயற்சியால் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்றபோது, வைத்தியம் என்பது பெரும்பாலும் படுக்கையில் கிடந்து பெறுவதாகவே இருந்தது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அங்கே வந்து சேர்ந்து 2021இல் மறையும் வரை அந்த வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்த டாக்டர் சாந்தாவும் அந்தச் சிறு ஸ்தாபனத்தை நாடறிந்த நிலையமாக வளர்த்த அதே காலத்தில், வைத்திய முறைகளும் உலகெங்கும் மாறிவந்தன. முன்பு கீமோ மருந்து ஏற்றினால் வாந்தி நிற்காது. அதற்காகவே நோயாளியை வார்டில் வைத்திருக்க வேண்டியிருந்தது. 1990களில் வாந்தியை அடக்கும் புதிய மருந்துகள் பரவலான பிறகு, காலையில் வந்து நாற்காலியில் சாய்ந்தபடி டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவது சகஜமாயிற்று. கரண்டு வைப்பது என்று நம் மக்கள் வழங்கும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் ஒரு நாளைக்குச் சில நிமிஷங்களே தேவை. வாரத்துக்கு ஐந்து நாளாக ஐந்து, ஆறு, ஏழு வாரங்கள் வரை வந்துபோனால் போதும். படுக்கைகளின் எண்ணிக்கையால் கட்டுப்பட்டிருந்த வைத்தியசாலை ஆயிரக்கணக்கானோருக்குச் சிகிச்சை தர முடிந்தது இந்த மாறுதலால்தான். அதே மாறுதல்தான், இரவு பன்னிரண்டு மணிக்கு நோயாளியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய பொறுப்பைச் செவிலியரின் தோளிலிருந்து இறக்கி உங்கள் தோளில் வைத்தது. அப்பொறுப்பை மாற்றி வைத்தவர்கள் அதற்குரிய பயிற்சியையும் உடன் தந்தார்களா என்றால், சில இடங்களில் தந்தார்கள். பல இடங்களில் ஒரு துண்டுக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது என்றேன். உண்மையில் அது போதாது. ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கீமோ மருந்து ஏறிய பின் ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும். கவுண்ட் இறங்கியிருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்தார் சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் உடம்புக்குள் புகும் கிருமியை எதிர்க்கப் படை இல்லை. மற்றவர்களுக்கு இரண்டு நாள் படுத்து எழுந்தால் தீரும் காய்ச்சல், இவர்களுக்குச் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். 100.4 டிகிரியைத் தொட்டதும், பொழுது விடியட்டும் என்று காத்திராமல், வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிடாமல், உங்கள் வைத்தியசாலைக்கு உடனே போன் செய்து, அவர்கள் சொல்கிறபடி அங்கேயோ அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ அழைத்துச் செல்லுங்கள். அங்கே இருப்பவரிடம், "இவருக்கு இன்ன தேதியில் கீமோ ஏறியது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஊரில் உள்ள இளம் வைத்தியர் எத்தனை கெட்டிக்காரராயினும், அந்த ஒரு செய்தி தெரியாவிட்டால் அதைச் சாதாரணக் காய்ச்சலாகவே பார்க்க நேரும். இந்த மடலில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருந்துகளின் குணம் தெரிந்திருந்தால் வீண் பயம் விலகும். டாக்ஸோரூபிஸின் என்னும் சிவப்பு மருந்து ஏறினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தமென்று அலற வேண்டியதில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவர் குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்கள் ஊசி குத்தியதுபோல் கூசும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை அடைத்துக்கொண்டாற்போல் திகைப்பார். அவருக்குச் சில நாட்கள் வெதுவெதுப்பானதையே கொடுக்க வேண்டும். வாயிலும் தொண்டையிலும் கதிர்வீச்சுப் பெறுபவருக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி விழுங்க முடியாமல் போவது எதிர்பார்த்ததே. உப்பும் சோடா உப்பும் கலந்த நீரால் அடிக்கடி கொப்புளிப்பதும், காரமில்லாத, ஆறிய, குழைந்த உணவை வேளைக்குக் கொஞ்சமாகப் பலமுறை கொடுப்பதும் உங்கள் வேலை. அப்போது மூக்கு வழியாக உணவுக் குழாய் போடலாம் என்று வைத்தியர் சொன்னால், அது முடிவின் அடையாளம் என்று எண்ணி மறுக்காதீர்கள். சிகிச்சை தடைப்படாமல் முடிவதற்கு உடம்பில் சக்தி வேண்டும்; அதற்காகவே அந்தக் குழாய்.

வைத்தியர் உங்களுக்காக ஒதுக்கக்கூடிய நேரம் மிகவும் சொற்பம் என்பதையும், அவரை வெளியில் நூறு பேர் எதிர்பார்த்திருக்கிறார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்; அறிந்ததனாலேயே கேட்க வேண்டியதைக் கேளாமல் எழுந்து வந்துவிடுகிறீர்கள். அறையை விட்டு வெளியே வந்த பிறகு, மருந்து கொடுக்குமிடத்தில் நிற்கும் ஊழியரிடமும், பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடமும், எங்களைப் போன்ற தொண்டர்களிடமும் கேட்கிறீர்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, இரவில் தோன்றும் சந்தேகங்களை அவ்வப்போது எழுதி வைத்து, அறைக்குள் போனதும் அதைத் திறந்து வாசியுங்கள். இந்தச் சிகிச்சை நோயை அடியோடு நீக்குவதற்கா, அல்லது வளராமல் நிறுத்தி வைத்து உபாதையைக் குறைப்பதற்கா என்ற வினாவை முதலில் கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு நா எழாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் வயலை அடகு வைப்பதா வேண்டாமா, மகளின் கல்யாணத்தை முன்னே தள்ளுவதா பின்னே தள்ளுவதா என்ற குடும்ப நிர்ணயங்கள் எல்லாம் அதற்குக் கிடைக்கும் விடையைச் சார்ந்தே நிற்கின்றன. அவசரத்தில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, சொல்வதற்குக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நோயாளியைச் சற்று வெளியே உட்கார வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் வைத்தியரின் அறைக்குள் நுழைந்து, "அவருக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், தெரிந்தால் தாங்கமாட்டார்" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே மிகவும் வேரூன்றியிருக்கிறது. அது அன்பினால் விளைவது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், வாசலில் ஆள் உயர எழுத்துக்களில் புற்றுநோய் மருத்துவமனை என்று எழுதியிருக்கும் கட்டிடத்துக்குள் உங்களோடு நடந்து வந்தவர், முடி உதிர்ந்த தலைகளுக்கு நடுவே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர், தமக்கு என்ன வந்திருக்கிறது என்பதை அறியாமலா இருப்பார்? அவர் அறிவார், நீங்கள் வருந்துவீர்கள் என்று அறியாதவர்போல் இருக்கிறார். அவர் வருந்துவார் என்று நீங்கள் சாதாரண அல்சர் என்கிறீர்கள். இவ்வாறு ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு ஒரே வீட்டில் இரண்டு தீவுகளாகத் தனித்துப் போனவர்களை நான் நிரம்பப் பார்த்திருக்கிறேன். கணவனிடம் தன் பயத்தைச் சொல்லி அழ வழியின்றி, முன்பின் அறியாத என்னிடம் வந்து, "எனக்கு இது கான்சர்தானே, ஐயா? அவரிடம் நான் கேட்டதாகச் சொல்லிவிடாதீர்கள்" என்று கேட்ட பெண்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை, அவர் கேட்கும்போது, பொய் கலவாமல் சொல்லுங்கள். அறிய விரும்பாவிடில் அதுவும் அவர் உரிமையே. ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவர்.

வீட்டுக்குள் தனித் தட்டு, தனித் தம்ளர், தனி அறை என்று ஒதுக்கும் கொடுமை இன்னும் முற்றிலும் நீங்கிவிடவில்லை. புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிக்கொண்டவரின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லையாதலால், பாட்டி பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தடையே இல்லை. கீமோ ஏறியவரின் சிறுநீர், வாந்தி முதலியவற்றில் இரண்டு நாள் வரை மருந்து கலந்திருக்கும். அவற்றைக் கழுவுவோர் கையுறை அணிந்துகொண்டால் போதுமானது. சதை எடுத்துச் சோதித்தால் பரவிவிடும், கத்தி பட்டால் பெருகிவிடும், சர்க்கரையை நிறுத்தினால் கட்டி சுருங்கிவிடும் என்பன போன்ற பேச்சுக்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். இவற்றால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, குணமாகக்கூடிய நிலையைக் கடந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் அநேகர்.

யாரோ சொன்ன பச்சிலையை வைத்தியருக்குத் தெரியாமல் அரைத்துக் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் வீட்டு வாசல்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூத்திருக்கும் நித்தியகல்யாணியின் சத்திலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அவற்றுள் முன்னது இன்றும் ஊசி வழியே ஏற்றப்படுகிறது. ஆகவே மூலிகையை இகழ்ந்து பேச எனக்கு நியாயமில்லை. ஆனால் அந்த மருந்து மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுக்கப்படுவது. சிறிது மிஞ்சினாலும் நரம்பைக் கெடுக்கும். தண்டுவடத்துக்குள் தவறிச் செலுத்தப்பட்டால் உயிரையே வாங்கிவிடும். அளவறியாத கஷாயம் ஒருபுறமும் அளந்த மருந்து ஒருபுறமுமாக உள்ளே போனால், இரண்டையும் வெளியேற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் என்ன செய்யும்? கொடுக்கத்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், கொடுப்பதற்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். கோபிப்பார் என்று அஞ்சி மறைப்பதைவிட அவருடைய கோபத்தைத் தாங்கிக்கொள்வது நல்லது.

வலியைப் பற்றி எழுதும்போது என் கை சற்று நடுங்குகிறது. ஏனெனில் தீர்க்கக்கூடிய வலியைத் தீர்க்காமல் பொறுத்துக்கொண்டு போனவர்களின் நினைவு வருகிறது. வலியைத் தணிக்கும் மார்பின் மாத்திரை என்றதும் அது போதைப்பொருள், பழகிவிடும், கடைசிக் காலத்தில் கொடுப்பது என்று நீங்களே மறுத்துவிடுகிறீர்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் விதித்த உரிமங்களின் சிக்கலால் அந்த மாத்திரை நெடுங்காலம் நம் நாட்டு வைத்தியசாலைகளிலேயே கிடைப்பது துர்லபமாயிருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்ட பின்னும், சட்டம் விட்ட பயத்தை மனிதர்கள் விடவில்லை. புற்றுநோய் வலிக்காக வைத்தியர் சொன்ன அளவில் உண்பவர் போதைக்கு அடிமையாகிவிடுவது மிகவும் அபூர்வம். வலி வந்த பின் கேட்டு உண்பதற்குப் பதிலாக, கடிகாரம் பார்த்து வேளை தவறாமல் கொடுத்தால்தான் அது முழுப் பிரயோஜனம் தரும். மலச்சிக்கல் தவறாமல் வருமாதலால் அதற்குரிய மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தூங்கி எழுந்தவர் முகத்தில் பழைய களை திரும்பியிருப்பதை ஒரு முறை கண்டுவிட்டால், பிறகு உங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.

நடுவிலே சிகிச்சையைக் கைவிட்டுப் போகிறவர்களைப் பற்றி வைத்தியர்கள் வருந்திப் பேசுவதுண்டு. காரணத்தை ஆராய்ந்தால் அது பெரும்பாலும் துணைக்கு வருபவரின் கூலியில் போய் முடியும். நாற்பது நாள் கரண்டு வைக்க வேண்டுமென்றால், நோயாளிக்கு இலவசமாகவே வைத்தாலும், கூட வந்தவரின் நாற்பது நாள் கூலியை யார் கொடுப்பது? இந்த வினாவை வினாவாக எடுத்துக்கொண்ட ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். அடையாற்றில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த டாக்டர் ரவி கண்ணன், 2007இல் அஸ்ஸாம் மாநிலத்தின் சில்சார் நகரிலுள்ள கச்சார் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே வருபவர்களில் நூற்றுக்கு 28 பேரே சிகிச்சையைத் தொடர்ந்து பெற்று வந்தனர். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளரும் தினக்கூலிகளுமான அம்மக்களுக்கு இலவச உணவும் தங்குமிடமும் ஏற்படுத்தியதோடு, துணைக்கு வந்தவர்களுக்கு அந்த வளாகத்திலேயே தற்காலிக வேலை கொடுத்துக் கூலியும் கிடைக்கச் செய்தார்; வர முடியாதவர்களின் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பி, வலிக்கு மருந்து கொடுக்கக் குடும்பத்தாருக்கே கற்பித்தார். 28 என்பது 70 ஆயிற்று. 2023இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. 2005இல் டாக்டர் சாந்தா பெற்றதும் அவ்விருதே. நம் பக்கத்து வைத்தியசாலைகளும் இந்த வழியை மேற்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சேர்ந்து கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் அது உதவி கோருவதாகத் தோன்றும், ஒருங்கே கேட்டால் நிர்வாகம் அதைத் திட்டமாக எண்ணிப் பார்க்கும்.

குழந்தைகளைக் கொண்டுவரும் பெற்றோருக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன். இரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் சில மாதங்களிலேயே குழந்தை தேறி, முடி வளர்ந்து, தெருவில் விளையாடத் தொடங்கிவிடும். "நன்றாகத்தானே இருக்கிறான், இனி எதற்கு மாத்திரை" என்று தோன்றும் அந்தக் காலத்தில்தான், தினந்தோறும் கொடுக்கும் சிறு மாத்திரைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் நோயைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை நிறுத்திவிட்டு, நோய் திரும்பிய பிறகு வரும்போது வழி மிகவும் குறுகிவிடுகிறது.

நம் கூடங்களில் நான் கவனித்த மற்றொன்று, நோயாளி ஆணாயின் அவனுக்குத் துணையாக மனைவியோ தாயோ தங்கையோ எவரேனும் ஒரு பெண் தவறாமல் இருப்பதும், நோயாளி பெண்ணாயின் பல சமயம் அவள் தனியாகவோ, தன்னைப் போன்ற மற்றொரு பெண்ணின் துணையுடனோ வந்திருப்பதுமாகும். ஆண்மக்கள் இதைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். துணைக்கு வரும் பெண்களோ தங்கள் உடம்பைப் பற்றி நினைப்பதே இல்லை. மார்பகத்திலும் கருப்பை வாயிலும் தோன்றும் புற்றுநோய்களே நம் பெண்களை அதிகமாகத் தாக்குகின்றன. இரண்டும் ஆரம்பத்தில் கண்டால் குணமாகக் கூடியவை. கருப்பை வாயை அசிட்டிக் அமிலம் தடவிச் சோதிக்கும் பரிசோதனைக்குச் சில நிமிஷங்களே ஆகும். கணவனுக்காக ஆறு மாத காலம் இந்த வாசற்படியை மிதித்த ஒரு பெண், தன் மார்பில் இருந்த கட்டியை, "அவருக்கு முதலில் சரியாகட்டும்" என்று எவரிடமும் சொல்லாமலேயே இருந்தாள். அம்மா, நீங்கள் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்துக் கட்டிடத்தில் பரிசோதிக்கும் இடத்துக்குப் போய் ஒரு தடவை சோதித்துக்கொண்டு வாருங்கள். ஆண்களாயின், வாயில் அடக்கியிருக்கும் புகையிலையை இன்றே துப்பிவிடுங்கள். தாடை எடுக்கப்பட்டவருக்குத் துணையாக வந்தவரே வெளியில் போய்ப் புகையிலை போட்டுக்கொண்டு திரும்புவதைக் காணும்போது துயரம் நெஞ்சை அடைக்கிறது.

பணச் செலவைப் பற்றிச் சுருக்கமாக: வைத்தியசாலையில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், முதல் நாளே அவரைப் போய்ப் பாருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை அவர் சொல்வார். சிகிச்சைக்காக ரயிலில் பிரயாணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், உடன் வரும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 பங்குச் சலுகையும் உண்டு. அதற்குரிய படிவத்தில் வைத்தியர் கையொப்பம் வேண்டும். இதை அறியாமல் முழுக் கட்டணம் கொடுத்துக்கொண்டு வருவோர் இன்றும் இருக்கிறார்கள்.

சிகிச்சை முடிந்ததும் பைலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கொரு முறையும் பிறகு ஆறு மாதத்துக்கொரு முறையுமாக வந்து காட்ட வேண்டியிருக்கும். அதற்கு முன், கடைசி நாளன்று, செய்த சிகிச்சையின் சுருக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்சப்பட்டது என்ற கணக்கு தெரியாமல், பின்னாளில் அதே இடத்தில் மீண்டும் பாய்ச்ச எந்த வைத்தியரும் துணியமாட்டார். முன்னே சொன்ன டாக்ஸோரூபிஸின் என்னும் சிவப்பு மருந்துக்கும் ஆயுள் முழுவதுக்குமாக ஓர் அளவு உண்டு. அதை மிஞ்சினால் இருதயம் பழுதடையும் ஆதலால், பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் வேறு வைத்தியர் முன் நிற்கும்போதும், இதுவரை எத்தனை மில்லிகிராம் ஏறியிருக்கிறது என்பதை அந்தக் காகிதம்தான் அவருக்குச் சொல்லும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை நோயாளியிடமும் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
புறநோயாளிக் கூடத்துத் தொண்டன்